எல்லாப் பேய்க்கும் 'கோஸ்ட்' போடாதீர்கள்

பெங்களூருவில் வளரும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாட்டி கதையைப் பாதி இங்கிலீஷில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பேய் வரும் வரை கதை ஓடும். அப்புறம் பேய், பிசாசு, பூதம், அரக்கன் எல்லாமே 'கோஸ்ட்' ஆகிவிடும், இல்லாவிட்டால் 'டெவில்'.

வார்த்தையைத் தேடும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது செத்துப்போன ஆளா, உயிரோடிருக்கும் ஆளா, மனிதப் பிறவியே இல்லையா? செத்த பிறகு அலைந்தால்தான் கோஸ்ட். 1990களில் இந்த ஊரையே கதிகலங்க வைத்த 'நாளே பா' கதை பலருக்கும் நினைவிருக்கும். ராத்திரியில் ஒருத்தி வந்து, வீட்டு மனுஷர் குரலிலேயே கூப்பிடுவாள். கதவைத் திறந்தால் சாவுதான் என்று பேச்சு. அதனால் கதவிலும் சுவரிலும் கன்னடத்தில் 'நாளைக்கு வா' என்று எழுதி வைத்தார்கள். அவளும் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவாளாம். பேய்க்கும் கன்னடம் தெரிந்திருக்கிறது, நம்மில் சிலருக்குத்தான் இன்னும் வரவில்லை. இவளை இங்கிலீஷில் 'விட்ச்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. விட்ச் என்றால் உயிரோடிருக்கும் சூனியக்காரி. செத்துப்போன மணப்பெண் புருஷனைத் தேடி அலைகிறாள் என்று சொல்வீர்களானால் கோஸ்ட்தான் சரி.

அரக்கனுக்கு 'மான்ஸ்டர்' போடுவது அதைவிட மோசம். அல்சூர் சோமேஸ்வரர் கோயிலில் ராவணன் கயிலையைத் தூக்கும் சிற்பம் இருக்கிறது. அவன் வேதம் படித்தவன், சிவபக்தன், வீணை வாசிப்பவன். மான்ஸ்டர் என்றதும் பிள்ளை மனதில் வருவது உறுமுகிற ஏதோ ஒரு மிருகம். டெமன் பரவாயில்லை. டெவில் வேண்டவே வேண்டாம், அது பைபிள் சாத்தானிடம் கொண்டுபோய் விட்டுவிடும். 'ராக்ஷசா' என்றே சொல்லலாம். இங்கிலீஷ் அகராதியிலேயே அந்தச் சொல் இருக்கிறது. என்ன, 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிற பையன் என்றால் புலித்தலையோடு ஒருவனைக் கற்பனை செய்துகொள்வான். அந்த விளையாட்டில் ராக்ஷசாவின் உருவம் அது.

அலாவுதீன் விளக்கிலிருந்து வரும் பூதம் ஜீனி. சிவன் கோயில் பூதகணத்துக்கு அந்தப் பெயர் ஒட்டாது.

தேவதையில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். கடவுளிடமிருந்து சேதி கொண்டு வருவது ஏஞ்சல். ஃபேரிக்கும் கடவுளுக்கும் சம்பந்தமில்லை. பழைய ஐரோப்பியக் கதைகளில் அது குழந்தையைக்கூடத் தூக்கிக்கொண்டு போகும். காவல் தேவதை என்றதும் 'கார்டியன் ஏஞ்சல்' என்று எழுதிவிடுகிறோம். மெஜஸ்டிக் பக்கம் கோயில் கொண்டு இந்த ஊரைக் காக்கும் அண்ணம்மா தேவி ஏஞ்சலா? அம்மன் அவள். 'காடஸ்' என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

வேதாளத்தை 'வேம்பயர்' ஆக்கியதில் ரிச்சர்ட் பர்ட்டன் என்ற ஆங்கிலேய எழுத்தாளருக்குப் பெரிய பங்கு உண்டு. விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளை 1870இல் இங்கிலீஷில் வெளியிட்டபோது தலைப்பிலேயே வேம்பயரைப் போட்டுவிட்டார். வேம்பயர் ரத்தம் குடிக்கும். முருங்கை மரத்தில் தொங்கும் நம் ஆளுக்கு ரத்தம் எதற்கு? பிணத்துக்குள் புகுந்துகொண்டு கதை சொல்லிக் கேள்வி கேட்டே ராஜாவை ஒரு வழி பண்ணிவிடுவார். 'வேதாளா' என்று சொல்லி, பிணத்துக்குள் குடியிருப்பது என்று ஒரு வரி சேர்த்தால் போதும், பிள்ளைக்குப் புரிந்துவிடும். யாளியையும் யாளி என்றே விட்டுவிடுங்கள். அதற்குச் சிலர் போடும் 'கிரிஃபின்' ஐரோப்பியக் கதைகளில் வரும் விலங்கு, அதற்குக் கழுகுத்தலையும் சிறகும் வேண்டும். தும்பிக்கை வைத்த நம் யாளியை அதில் எங்கே சேர்ப்பது?