1912இன் போர்க்கப்பல்: கவசத்தை மேம்படுத்தி வடிவமைப்பது எப்படி?

கற்பனைப் போர்க்கப்பல் ஒன்றைத் தாளில் வரைய முற்படுகிறவர்கள் பெரும்பாலும் கவசத்தின் தடிப்பை முதலில் எழுதிவிட்டு, அதைச் சுமக்கும் கப்பலைப் பிறகு தேடுகிறார்கள். மும்பை மாட்டுங்காவில் கூடும் எங்கள் குழுவுக்குப் புதிதாக வரும் இளைஞர்களும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆண்டு, துறைமுகம், எடை ஆகிய மூன்றையும் முடிவு செய்த பின்னரே கவசத்துக்கு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆண்டை 1912 என வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டில் ஒரு பொறியாளருக்குத் தெரிந்திருக்கக்கூடியவை மட்டுமே வடிவமைப்புக்குள் வரலாம். 1916இல் பிரிட்டனும் ஜெர்மனியும் மோதிய ஜட்லண்ட் கடற்போர் கற்பித்தவை அவருக்குத் தெரியாது. 1905இல் ஜப்பானிடம் ரஷ்யா தோற்ற சுஷிமா கடற்போர் கற்பித்தவை தெரியும். அந்தப் போரில் ரஷ்யாவின் போரோடினோ வகைக் கப்பல்கள் அளவுக்கு மீறிய சுமையுடன் வந்ததால், நீர்மட்டத்தை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடும் அவற்றின் முதன்மைக் கவசப்பட்டை ஏறக்குறைய முழுவதும் நீருக்குள் அமிழ்ந்திருந்தது. மற்றொரு ரஷ்யக் கப்பலான ஒஸ்லியாபியா, கனத்த கவசமில்லாத முன்பகுதியில் நீர்மட்டத்தை ஒட்டி விழுந்த குண்டுகளால் வெள்ளம் புகுந்து கவிழ்ந்தது. எனவே பட்டையின் இடத்தை எப்போதும் முழுச் சுமையில் கணக்கிட வேண்டும். கவசமில்லாத முனைகளில் நீர் நிறைந்தாலும் கப்பல் மிதக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

துறைமுகம் நம் பம்பாய். 1914இல் திறக்கப்பட்ட ஹியூஸ் உலர்துறை 1,000 அடி நீளமும் 100 அடி அகலமும் கொண்டது. பழுதுபார்க்க அதற்குள் நுழைய வேண்டுமென்றால், இருபுறமும் தாங்கும் முட்டுக்கட்டைகளுக்கு இடம் விட்டு, கப்பலின் அகலத்தை 28 மீட்டரில் நிறுத்துவது நல்லது. நீளம் 180 மீட்டர், நீரில் அமிழும் ஆழம் 8.7 மீட்டர், உடலின் நிறைவுக் கெழு (இம்மூன்று அளவுகளும் கொண்ட பெட்டியில் நீருக்குள் இருக்கும் உடல் நிரப்பும் பங்கு) 0.60 என்றால், இடப்பெயர்ச்சி, அதாவது கப்பல் விலக்கும் நீரின் எடை, சுமார் 27,000 டன் வரும். கப்பலின் மொத்த எடையும் அதுவே. உடலையும் தகடுகளையும் இங்கிலாந்திலேயே செய்ய வேண்டியிருக்கும். ஜாம்ஷெட்பூரில் எஃகு வார்ப்பு அதே 1912இல்தான் தொடங்கியது. முகம் கடினமாக்கப்பட்ட கனத்த தகடுகளை உருவாக்க இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் எஸ்ஸன் போன்ற சில ஊர்களால்தான் முடிந்தது.

1906இன் பிரிட்டிஷ் போர்க்கப்பலான டிரெட்நாட்டில் ஏறத்தாழ 18,000 டன்னில் சுமார் 5,000 டன் கவசத்துக்குப் போனது. நாம் சற்றுத் தாராளமாக 32 சதவீதம் ஒதுக்கினால் 8,640 டன் கிடைக்கும். இந்த எண்ணைத் தாளின் மேலே எழுதிவைத்துவிட்டு, எட்டு 13.5 அங்குலப் பீரங்கிகளை நான்கு சுழலும் கவசக் கோபுரங்களில் அமைத்துக் கணக்கைத் தொடங்கலாம்.

ஒரு கன மீட்டர் எஃகு 7.85 டன். வெடிமருந்து அறைகள், கொதிகலன்கள், எந்திரங்கள் அனைத்தையும் உள்ளடக்கும் 110 மீட்டர் நீளத்துக்கு, 5 மீட்டர் உயரமும் 330 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட பட்டை இருபுறமும் சேர்ந்து 2,850 டன் எடுக்கும். அதன் மேல்விளிம்பில் பரவும் 75 மில்லிமீட்டர் கவசத்தளம் 1,725 டன்; பட்டையும் தளமும் சேர்ந்து உருவாக்கும் கவசப் பெட்டியை முன்னும் பின்னும் மூடும் 300 மில்லிமீட்டர் குறுக்குச் சுவர்கள் 706 டன்; கோபுரங்களைத் தாங்கும் நான்கு வட்டச் சுவர்கள் 2,130 டன்; கோபுரங்கள் 1,000 டன்; நீருக்கடியில் பாய்ந்து வரும் டார்பிடோவுக்கு எதிரான 40 மில்லிமீட்டர் உட்சுவர் 553 டன்; தளபதியின் கவச அறை 200 டன். மொத்தம் 9,164. வரம்பை 524 டன் மீறிவிட்டோம்.

இங்கே எல்லாத் தகடுகளையும் கொஞ்சம் கொஞ்சமாக மெலிதாக்கும் ஆசை எழும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. எந்தத் தகடும் எந்தக் குண்டையும் நிறுத்தாத கப்பல்தான் மிஞ்சும். மாறாக, பாதுகாக்க வேண்டிய நீளத்தையே குறைக்க வேண்டும். அமெரிக்கா 1912இல் கட்டத் தொடங்கிய நெவாடா இவ்வழியில்தான் சென்றது: இன்றியமையாதவற்றுக்கு முழுத் தடிப்பு, மற்றவற்றுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. அது எண்ணெயை மட்டும் எரித்ததால் கொதிகலன் அறைகள் சுருங்கின. பாரசீக வளைகுடாவுக்கு அருகிலுள்ள பம்பாயை நம்பியிருக்கும் கப்பலுக்கு எண்ணெய் இயல்பான தேர்வு. ஆனால் பக்கவாட்டு அறைகளில் நிலக்கரி தந்துவந்த கூடுதல் பாதுகாப்பை இழக்கிறோம் என்பதால், டார்பிடோச் சுவரைக் குறைக்கக் கூடாது. பெட்டியை 10 மீட்டர் சுருக்கினால் பட்டையில் 259, தளத்தில் 157, உட்சுவரில் 50 என 466 டன் மிச்சமாகிறது. மீதி 58 டன்னைத் தளபதியின் கவச அறையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இனி சுஷிமா சோதனை. இத்தகைய உடலில் 100 மீட்டர் பெட்டிக்கு வெளியே இருக்கும் முனைகள் மிதப்பில் ஏறத்தாழ கால் பங்கைத் தருகின்றன. அவை இரண்டும் முழுவதும் வெள்ளத்தில் மூழ்கினால், பெட்டி ஏறக்குறைய 2.3 மீட்டர் கீழே இறங்கும். பட்டையின் மேல்விளிம்பு நீர்மட்டத்துக்கு 2.5 மீட்டர் மேலே இருந்தால் ஒரு சாண் அளவே மிஞ்சும். அமைதியான கடலில் அது போதும், அலையில் போதாது. ஆகவே முனைகளைச் சிறு நீர்புகா அறைகளாகப் பிரிப்பதில் கஞ்சத்தனம் கூடாது. கவசத்தளத்தை உயர்த்தியும் இதைச் சரிசெய்யலாம். ஆனால் ஈர்ப்பு மையத்துக்கு 6 மீட்டர் மேலே 1,000 டன் சேர்த்தால் அம்மையம் சுமார் 0.2 மீட்டர் உயர்ந்து, கப்பல் சாய்விலிருந்து மீளும் திறன் அதே அளவு குறையும்.

தகட்டின் வகையையும் குறிப்பிட வேண்டும். பட்டைக்கு ஜெர்மனியின் குருப் நிறுவன முறையில் முகம் கடினமாக்கிய நிக்கல்-குரோமியம் எஃகு உகந்தது: கடின முகம் குண்டின் முனையை உடைக்கிறது, மென்மையான முதுகு தகடு விரிசல் விடாமல் தாங்குகிறது. தளத்தின் மீது குண்டு சாய்வாக வந்து வழுக்கிச் செல்லும் என்பதால், அங்கே உடையாமல் வளைந்துகொடுக்கும் ஒரே சீரான எஃகு வேண்டும்.

எஞ்சியிருப்பது வெடிமருந்து அறை. 1904 ஏப்ரலில் அமெரிக்காவின் மிசூரி கப்பலில், பீரங்கிக் குழலிலிருந்து பின்னோக்கி வந்த தீ கோபுரத்திலிருந்த வெடிமருந்தைப் பற்றவைத்து, கீழே வெடிமருந்தை மேலே அனுப்பும் கையாளும் அறை வரை பாய்ந்து 36 பேரைக் கொன்றது. 1912இன் பொறியாளர் அறிந்திருக்கக்கூடிய செய்தி இது. ஜட்லண்டில் மூன்று பிரிட்டிஷ் போர்க்குரூசர்கள் (வேகத்துக்காகக் கவசத்தைக் குறைத்த பெரிய போர்க்கப்பல்கள்) வெடித்துச் சிதறிய பிறகு உலகமே அறிந்தது. ஆகவே கோபுரத்துக்கும் கையாளும் அறைக்கும், கையாளும் அறைக்கும் வெடிமருந்து அறைக்கும் இடையே தனித்தனிக் கதவுகளை வரையுங்கள். ஒன்று மூடாமல் மற்றது திறக்காதபடி அவற்றை எந்திர முறையில் பிணையுங்கள். அறையை விரைவில் நீரால் நிரப்பும் வால்வுகளை அறைக்கு வெளியிலிருந்து இயக்கும்படி வையுங்கள். இவை எடைப் பட்டியலில் மிகச் சிறிய இடத்தையே பிடிக்கும். வரைபடத்தில் இவற்றையே முதலில் வரைந்து, பட்டையின் நீளத்தை இவற்றைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள்.