மலைப்பாதையில் தலையில் அடிபட்டவருக்கு என்ன செய்வது?

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கேனும் இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவரைக் கண்டால், அவரைத் தூக்கி உட்கார வைக்காமலும் தண்ணீர் புகட்டாமலும், கழுத்து அசையாதபடி தலையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அருகிலிருப்பவரை 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். மூச்சு தடைப்பட்டாலன்றித் தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டாம்.

எழுந்து தெளிவாகப் பேசுகிறார் என்பதற்காக அவரை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது இதுவே. நெற்றிப்பொட்டின் எலும்பு மெல்லியது. அதன் உட்புறம் ஓடும் தமனி கிழிந்தால், எலும்புக்கும் மூளையுறைக்கும் இடையே இரத்தம் தேங்கி மூளையை அழுத்த, நன்றாக இருந்தவரே சில மணி நேரத்தில் நினைவிழக்கக்கூடும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறும் பேச்சு, ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், சேலத்தில் சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குத் தாமதமின்றிக் கொண்டுசெல்லுங்கள்.