சுவரில் பூஞ்சணமா? முதலில் ஒரு பாலிதீன் துண்டு எடுங்கள்

குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் பீரோவை நகர்த்திப் பாருங்கள், பின்னால் சுவர் முழுக்கக் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பூத்திருக்கும். உடனே பெயின்ட் டப்பாவைத் தூக்காதீர்கள். நானும் இரண்டு வருஷம் அப்படி மேலேயே அடித்துப் பார்த்தேன், பங்குனிக்குள் அப்பளம் மாதிரி உரிந்து வந்துவிட்டது.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஓரடிக்கு ஓரடி பாலிதீன் துண்டைச் சுவரில் வைத்து, நான்கு பக்கமும் காற்று புகாமல் டேப் ஒட்டி, 2 நாள் விடுங்கள். சுவரைத் தொடும் பக்கத்தில் முத்து முத்தாக நீர் நின்றால் சுவருக்குள்ளிருந்து கசிவு. அறைப் பக்கம் நனைந்திருந்தால் நம் வெந்நீரும் அடுப்பும் விட்ட ஆவிதான்.

ஆவி என்றால் பீரோவைச் சுவரை விட்டு நாலு அங்குலம் தள்ளி, வெயில் வரும்போது ஜன்னலைத் திறந்தாலே போதும். கசிவுதான் தலைவலி. சரிவில் கட்டிய வீடுகளில் பின்பக்கத்து மண் சரிந்து சுவரை ஒட்டி ஏறிக் கிடக்கும், அந்த மண்ணை இழுத்துவிட்டு வாய்க்கால் வெட்டினால் பாதி வேலை முடிந்தது. மேடு செங்குத்தாக இருந்தால் மட்டும் மேஸ்திரியைக் கேட்காமல் மண்வெட்டியை எடுக்காதீர்கள், சரிந்துவிடும்.

அப்புறம் பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடையுங்கள், காய்ந்தபடி சுரண்டினால் தூள் மூக்கில்தான் ஏறும். ப்ளீச்சிங் கரைசல் பூசுவதானால் கையுறை வேண்டும், பாத்ரூம் ஆசிட்டோடு கலக்கவே கூடாது, விஷவாயு கிளம்பும். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே பட்டி (பெயின்ட்டுக்கு முன் சுவரைச் சமப்படுத்தும் பூச்சு) பார்க்கலாம், அதுவும் சிமென்ட் பட்டி. பிஓபி என்கிற பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஈரத்தை உறிஞ்சி ஊறிப்போகும்.