ஒரு சுவிசேஷப் பகுதியை ஜெபமாக்குவது எப்படி?

நாளுக்கு ஓர் அதிகாரம் என்று கணக்கு வைத்து ஓட வேண்டாம். பத்து வசனத்துக்குள் முடிகிற ஒரு பகுதி, இருபது நிமிடம், மூடிய கதவு. அது போதும். இயேசுவின் வாழ்வைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களில் ஒன்றான மாற்கு 16 அதிகாரங்களே கொண்டது. தொடங்க நல்ல இடம்.

உதாரணத்துக்கு மாற்கு 10:46-52, வழியோரம் பிச்சை கேட்டு உட்கார்ந்திருந்த பார்வையற்ற பர்திமேயுவின் பகுதி. முதல் முறை வாய்விட்டு, மெதுவாக வாசியுங்கள். இரண்டாம் முறை யார் என்ன செய்கிறார் என்று மட்டும் பாருங்கள்: அவன் கூப்பிடுகிறான், கூட்டம் அதட்டுகிறது, இயேசு நிற்கிறார், அவன் மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு எழுகிறான். மனம் எங்கே இடறுகிறதோ அங்கேயே நில்லுங்கள். பார்வையில்லாதவன் என்று தெரிந்தும், அவனுக்கு என்ன வேண்டும் என்று இயேசு கேட்கிறார். அந்தக் கேள்விக்கு உங்கள் பதிலை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். ‘எல்லாரையும் ஆசீர்வதியும்’ என்பது பதில் அல்ல, நழுவல்.

பலருக்கு இங்கேதான் தடம் மாறும்: வாசித்தது ஒன்று, ஜெபிப்பது வழக்கமான பட்டியல். பட்டியல் இருக்கட்டும், கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளுங்கள்.

பிறகு அன்றைக்கே செய்யக்கூடிய ஒரு செயல். அதட்டிய கூட்டத்தில் உங்கள் முகமும் தெரிந்தால், ‘அன்பாக இருப்பேன்’ என்று முடிக்காதீர்கள், மதியத்துக்குள் மறந்துபோகும். ‘நான் வாயடைத்த தம்பிக்கு மாலை ஆறு மணிக்குப் போன் செய்வேன்’ என்று ஆளும் நேரமும் வேண்டும். மத்தேயு 5:23-24-இன்படி, காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னேயே வைத்துவிட்டு, மனத்தாங்கல் உள்ள சகோதரனோடு ஒப்புரவாகப் போவதுதான் முதல் வேலை.

இரவில் இரண்டு நிமிடம்: செய்தேனா? இல்லையென்றால் மறுநாளும் அதே பகுதிதான்.