இடுப்பு முறிவுக்கு எந்த அறுவைச் சிகிச்சை: குடும்பத்தார் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

குளியலறையில் வழுக்கி விழுந்த முதியவரின் ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தால், இடுப்பு மூட்டருகே தொடை எலும்பு முறிந்திருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு மலேசியாவில் 999-ஐ அழைக்க வேண்டும். எலும்பு விலகாமல் விரிசல் மட்டும் கண்டிருந்தால் இந்த அடையாளம் இராது; கவட்டையிலோ முழங்காலிலோ வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிலர் நாலடி நடக்கவும் செய்வார்கள். அவர்களை எண்ணெய் போட்டு உருவுபவரிடம் அழைத்துச் சென்றால், விலகாத எலும்பும் விலகிவிடக்கூடும். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல், வலி மட்டும் தொடர்ந்தால், எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

மருத்துவமனையில் உறவினர்கள் கூடியதும், எந்த அறுவை நல்லது என்ற பேச்சு தொடங்கிவிடும். கோலாலம்பூரில் ஒருவருக்கு ஆணி போட்டார்கள், பினாங்கில் இன்னொருவருக்கு மூட்டையே மாற்றினார்கள் என்று ஆளுக்கொரு கதை வரும். எலும்பு எந்த இடத்தில் முறிந்தது, விழுவதற்கு முன் அவர் எப்படி நடமாடினார் என்ற இரண்டும் தெரியாமல் அந்தக் கதைகளால் ஒரு பயனும் இல்லை. முதலாவதை மருத்துவர் சொல்வார். இரண்டாவதைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

ஆகவே முதலில் எக்ஸ்ரேயைத் திரையில் காட்டச் சொல்லி, முறிவு தொடை எலும்பின் கழுத்தில் உள்ளதா, அதற்குக் கீழே உள்ள ட்ரோகாண்டர் புடைப்புப் பகுதியில் உள்ளதா என்று கேளுங்கள். கழுத்துப் பகுதி மூட்டுறைக்குள் இருக்கிறது. எலும்பின் பந்து போன்ற தலைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் அந்தக் கழுத்தை ஒட்டியே ஏறுவதால், முறிந்த துண்டுகள் விலகும்போது அவையும் அறுபட்டுப் போகலாம். பிறகு எவ்வளவு நேர்த்தியாகச் சேர்த்து வைத்தாலும் தலை செத்துப் போகும் அபாயம் இருக்கிறது. ட்ரோகாண்டர் பகுதிக்கு இரத்த ஓட்டம் தாராளமாக இருப்பதால் அங்கே எலும்பு பொதுவாகக் கூடிவிடும். அங்குள்ள கவலை, கூடும்வரை அதை அசையாமல் பிடித்து வைப்பதைப் பற்றியது.

கழுத்து முறிந்தும் விலகவில்லை என்றால், சிறு கீறல் வழியாக ஸ்க்ரூக்கள் போட்டு நிறுத்துவது வழக்கம். விலகிய முறிவில்தான் குடும்பங்கள் தடுமாறுகின்றன. "வயதானவர், சின்ன ஆப்பரேஷனாகச் செய்துவிடுங்கள்" என்று கேட்பது இயல்பே. ஆனால் விலகிய கழுத்தை ஸ்க்ரூவால் பொருத்திய முதியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மறு அறுவை தேவைப்படுவதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. எண்பது வயதில் இரண்டு முறை மயக்க மருந்து கொடுப்பதை எந்தக் கணக்கிலும் சின்னது என்று சொல்ல முடியாது. அதனால்தான் இத்தகையவர்களுக்குத் தலையை எடுத்துவிட்டு உலோகத் தலை பொருத்துகிறார்கள்.

அதிலும் இரண்டு வகை உண்டு. தலையை மட்டும் மாற்றுவதை மருத்துவர்கள் ஹெமி என்பார்கள்; அந்தத் தலை அமரும் இடுப்புக் கிண்ணத்தையும் சேர்த்து மாற்றுவது முழு மாற்று. 2019-இல் வெளியான ஹெல்த் என்ற பன்னாட்டு ஆய்வு, ஏறத்தாழ 1,500 பேரை ஒப்பிட்டது. இரண்டு ஆண்டுகளில் மறு அறுவை முழு மாற்றில் 7.9 சதவீதம், ஹெமியில் 8.3 சதவீதம். நடமாட்டத்தில் முழு மாற்றுக்குச் சிறிது மேன்மை தெரிந்தாலும், மூட்டு நழுவும் தொல்லை அதில்தான் கூடுதலாக இருந்தது. எனவே தனியாக வெளியே நடந்து சென்றுவந்த, நினைவு தெளிவான, உடல் தாங்கக்கூடியவருக்கு முழு மாற்றைப் பற்றிப் பேசலாம். வீட்டுக்குள் மட்டும் நடந்தவருக்கு ஹெமியே போதும் என்பது என் கருத்து.

இங்கேதான் உங்கள் விவரம் தேவைப்படுகிறது. "நல்லாத்தான் நடப்பார்" என்று நிறுத்திவிடாதீர்கள். பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவுக்குத் துணையின்றிப் போய்வந்தாரா, லிப்ட் பழுதானால் மூன்று மாடி ஏறினாரா, கைத்தடி வைத்திருந்தாரா, மாத்திரையைத் தானே நினைவாக எடுத்துக்கொண்டாரா என்று சொல்லுங்கள். வீட்டில் இருப்பது குந்தும் கழிவறையா, தரையில் அமர்ந்து சாப்பிடுபவரா என்பதையும் சேருங்கள். பின்பக்கமாகத் திறந்து செய்யும் அறுவையில், மூட்டை ஆழமாக மடக்கினால் நழுவும் வாய்ப்புக் கூடுதல். பக்கவாட்டில் திறந்தால் அந்த அபாயம் குறைவு. பதிலுக்கு, இடுப்பைத் தாங்கும் தசை பலவீனப்பட்டுச் சிலர் விந்தி நடப்பார்கள். எந்தப் பக்கமாகத் திறப்பது என்பதில் அறுவை நிபுணரின் கை பழகிய வழியை மாற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

உலோகத் தலையைத் தாங்க எலும்புக்குள் இறக்கும் தண்டைச் சிமெண்ட் வைத்துப் பதிப்பார்களா என்று கட்டாயம் கேளுங்கள். 2022-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், சிமெண்ட் வைத்த ஹெமியினரின் வாழ்க்கைத் தரம் மேம்பட்டிருந்தது. பொருத்திய தண்டைச் சுற்றி எலும்பு மீண்டும் முறிவதும் குறைந்தது. சிமெண்ட் வைக்கும் நேரத்தில் இரத்த அழுத்தம் திடீரென விழக்கூடும் என்பதால், இதய நோய் இருப்பதை மயக்க மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ட்ரோகாண்டர் முறிவுக்குச் சொல்ல வேண்டியது குறைவு. முறிவு நிலையாக இருந்தால், பிளேட்டுடன் சறுக்கும் ஸ்க்ரூவும் எலும்புக்குள் இறக்கும் நெயிலும் ஒத்த பலனையே தருகின்றன. பிளேட் பொதுவாக விலை குறைவு. முறிவுக் கோடு தலைகீழாகச் சாய்ந்தோ, புடைப்புக்குக் கீழே இறங்கியோ இருந்தால் நெயில்தான் சரி.

அரசு மருத்துவமனைகளில் பொருத்துகருவிக்குத் தனியாகப் பணம் கட்டச் சொல்வதுண்டு. வசதி இல்லாதவர்கள் அங்குள்ள மருத்துவச் சமூகப் பணிப் பிரிவுக்கு அன்றே சென்று உதவிக்கு விண்ணப்பிக்க வழி கேட்கலாம். ஓய்வூதியம் பெறுபவர் தம் அட்டையையும் கொண்டு போகட்டும். தனியார் மருத்துவமனையில் மதிப்பீட்டுச் செலவை எழுத்தில் வாங்கும்போது, கருவியும் பிசியோவும் அதில் அடங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிடுவதிலேயே நாள் கடந்துவிடக் கூடாது. 24 முதல் 48 மணி நேரத்துக்குள் அறுவை நடப்பதே பரிந்துரை. படுக்கை நீடித்தால் நிமோனியா, படுக்கைப்புண், இரத்தக் கட்டி என்று ஒவ்வொன்றாக வரும். இரத்தம் உறையாமைக்கான மாத்திரை எடுப்பவர் என்றால், அந்த மாத்திரை அட்டையையே கொண்டுபோய்த் தாதியிடம் காட்டுங்கள். அறுவைக்கு மறுநாளே எழுப்பி நிறுத்துவார்களா, முழுப் பாரத்தையும் காலில் கொடுக்கலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். வீட்டுக்கு அனுப்பும் முன், எலும்பு வலுவிழக்கும் நோய்க்கான (ஆஸ்டியோபோரோசிஸ்) மருந்தை எப்போது தொடங்குவது என்று கேட்டு, அந்தத் தேதியையும் சந்திப்பு அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள்.