தடகள அணிக்குப் பிள்ளைகளைத் தேடிப் போகிறவர்களுக்கு

பெண்கள் கல்லூரி ஒன்றில் பத்தொன்பது வருடமாக உடற்கல்வி இயக்குநராக இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது வடசென்னையில், தண்டையார்பேட்டை. ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, திருவொற்றியூர் பள்ளிகளிலிருந்து வருடத்துக்கு நாலைந்து பிள்ளைகளை எங்கள் அணிக்குக் கூட்டி வருகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பிளஸ் ஒன்னிலேயே தேடத் தொடங்குங்கள். பிளஸ் டூவில் பாதி வீடுகளில் ‘பரீட்சை முடியட்டும்’ என்று ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள். ரிசல்ட் வந்தபின் போனால், ஒரு வருடம் ஓடாத பிள்ளைதான் கிடைப்பாள்.

மாநிலப் போட்டியில் ஜெயித்தவளை எல்லாக் கல்லூரியும் கூப்பிடும். குறுவட்டப் போட்டியில் நாலாவதாக வந்தவளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கே போங்கள், காலையில் ஹீட்ஸ், அதாவது முதல் சுற்று ஓட்டம், தொடங்கும்போதே போங்கள். நான் பார்ப்பது கடைசி முப்பது மீட்டர். மண் டிராக்கில் வெறுங்காலோடு ஓடி, ஸ்டார்ட்டில் பின்தங்கியும் கடைசியில் முன்னால் போனவர்களை நெருங்குகிறாள் என்றால் பெயரைக் குறித்துக்கொள்வேன். ஸ்டார்ட்டைச் சொல்லித் தந்துவிடலாம். கபடியில் ரெய்டு போகும் பிள்ளைகளையும் விடாதீர்கள். எங்கள் ட்ரிபிள் ஜம்ப் பிள்ளைகள் இரண்டு பேர் அப்படி வந்தவர்கள்தான்.

பள்ளிப் போட்டியில் பெரும்பாலும் கையால் அழுத்தும் ஸ்டாப்வாட்ச்தான். அந்த டைமிங்கோடு 100, 200 மீட்டருக்கு 0.24 விநாடியும், 400 மீட்டருக்கு 0.14 விநாடியும் கூட்டிப் பாருங்கள். எலக்ட்ரானிக் டைமிங்கில் அவள் எங்கே நிற்பாள் என்று ஓரளவு தெரியும். குண்டு எறிதலில் எடையைக் கேளுங்கள்: 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு 3 கிலோ, கல்லூரியில் 4 கிலோ. 100 மீட்டர் தடை ஓட்டத்திலும் 76.2 செ.மீ. தாண்டியவள் இங்கே 83.8 செ.மீ. தாண்ட வேண்டும். சான்றிதழில் இருக்கும் பெயரும் இனிஷியலும் மார்க் ஷீட்டோடு ஒத்துப்போகிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டா வரிசையில் நின்றுகொண்டு அதைத் திருத்த முடியாது.

பிள்ளையிடம் நேராகப் போய் நம்பர் வாங்காதீர்கள். முதலில் பி.டி. டீச்சர், அப்புறம் ஹெச்.எம்., அதன் பிறகுதான் வீடு.

வீட்டுக்குப் போவதுதான் இதில் பெரிய வேலை. காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாக்கள் விடியற்காலையில் ஏலத்துக்குப் போய்விடுவார்கள். விற்று முடித்து வந்து, கொஞ்சம் படுத்து எழுந்திருக்க மாலை நாலு மணி ஆகும். அதற்கு மேல் போங்கள். அதே தெருப்பக்கமிருந்து நம் அணியில் ஓடும் சீனியர் பிள்ளை ஒருத்தியையும் கூட்டிப் போங்கள். நான் பத்து நிமிஷம் பேசுவதை விட, அவள் “ஆன்ட்டி, நானும் இவளும் ஒரே பஸ்ல போவோம்” என்று சொல்வது அந்த அம்மாவுக்குப் பெரிய தைரியம். மெடல் பற்றி எந்த அம்மாவும் முதலில் கேட்டதில்லை. “காலைல எத்தினி மணிக்கு மிஸ்? யாரு கூட வரும்? இன்னா டிரெஸ் போடணும்?” இந்த மூன்றுக்கும் பதிலோடு போங்கள். முழுக்கால் டைட்ஸ் போட்டு ஓடலாம் என்பதைக் கேட்கும் முன்பே சொல்லிவிடுவேன்.

முதல் தடவை ‘வேண்டாம்’ என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடிய மதுரை ரேவதி வீரமணியையும் பாட்டி முதலில் அனுப்பச் சம்மதிக்கவில்லை. பயிற்சியாளர் கண்ணன் பேசிப் புரியவைத்த பிறகுதான் அந்தப் பெண் லேடி டோக் கல்லூரிக்குப் போனாள்.

அடுத்தது பணம். அட்மிஷன் நடக்கும் மே, ஜூனில்தான் மீன்பிடித் தடைக்காலமும் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நேரத்தில் ‘நாளைக்குள் ஃபீஸ் கட்டு’ என்றால் எங்கே போவார்கள்? மார்ச்சிலேயே பிரின்சிபாலைப் பார்த்து, ஜூலை வரை தவணை வாங்கி வையுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். 2022 செப்டம்பரில் அந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்ததே நம் பாரதி மகளிர் கல்லூரியில்தான். ஆனாலும் பல வீடுகளில் தெரியவில்லை, எடுத்துச் சொல்லுங்கள். சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் டிக்கெட் செலவும் கிடையாது.

கையெழுத்தாகாத எதையும் வாக்குக் கொடுக்காதீர்கள். நான் பள்ளியில் பார்த்து வளர்த்த 400 மீட்டர் பிள்ளை ஒருத்திக்கு, வேறொரு கல்லூரி ஹாஸ்டலும் சாப்பாடும் இலவசம் என்று வாயால் சொல்லிச் சேர்த்தது. இரண்டாம் வருடம் பின்தொடையில் தசை கிழிந்து ஓட முடியாமல் போனதும் முழு ஃபீஸ் கேட்டார்கள். படிப்பையே விட்டுவிட்டாள். அன்றிலிருந்து, அடிபட்டாலும் மூன்று வருடமும் சலுகை தொடரும் என்ற வரி இல்லாத கடிதத்தை நான் எந்த வீட்டுக்கும் கொண்டுபோவதில்லை. அந்தக் கடிதம் தமிழில் இருக்கட்டும். அம்மாவுக்கு வாசித்துக் காட்டி, ஒரு பிரதியை வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.

முதல் நாள் பிராக்டிஸ் முடிந்து பிள்ளை வீடு சேர்ந்ததும் அம்மாவுக்குப் போன் போடுங்கள். எடுக்கவில்லை என்றால் வியாபாரத்தில் இருப்பார். நாலு மணிக்கு மேல் மறுபடி கூப்பிடுங்கள்.