காவடி கலங்கலாம், முகம் கலங்கக்கூடாது

நல்லூர்த் திருவிழா நாள்களில் வீதியில் ஆடிவரும் காவடியை 1/1000 செக்கனில் படமெடுத்தால் மயிலிறகு ஒவ்வொன்றையும் எண்ணலாம். ஆட்டம் மட்டும் செத்துவிடும். காவடிக்காரர் போஸ் கொடுத்து நிற்பதுபோல இருப்பார். ஷட்டரை, அதாவது ஒளி உள்ளே விழும் நேரத்தை, 1/30 செக்கனுக்கு இறக்குங்கள். இறகும் சால்வையும் இழுபட, வேகம் படத்தில் தங்கும்.

ஆனால் முகமும் சேர்ந்து கலங்கினால் பார்ப்பவருக்குப் பிடிமானமே இராது. ஒரு பக்கம் சாய்ந்தவர் மறுபக்கம் திரும்பும்போது உடல் ஒரு கணம் நிற்கும். அப்போது அழுத்துங்கள். பதினைந்து இருபது எடுத்தால் ஒன்றிரண்டு தேறும், அவ்வளவுதான்.

வெயில் இன்னொரு சிக்கல். நடுப்பகலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, துவாரம் எஃப்/16 (எண் கூடக்கூடத் துவாரம் சிறுக்கும்) வைத்தாலே ஷட்டர் 1/125க்கு வந்து நிற்கும். 1/30இல் இரண்டு ஸ்டொப் கூடி வெளிறும்; ஒரு ஸ்டொப் என்றால் ஒளி இரண்டு மடங்கு. லென்ஸின் முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடியான என்டி4 ஃபில்டர் சரியாக இரண்டு ஸ்டொப்பைக் குறைக்கும். எஃப்/22க்குப் போனால் ஒரு ஸ்டொப்தான் கிடைக்கும். துவாரம் அவ்வளவு சிறுத்தால் ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுவதுமே மழுங்கும்.

வேண்டாத கலங்கலுக்கு முதலில் காரணத்தைப் பிடியுங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. மதில் தெளிவாக, ஆள் மட்டும் கலங்கியிருந்தால் அசைந்தது ஆள். கண் மங்கிக் காது துல்லியமாக இருந்தால் போகஸ் தவறு. விளக்குகளைச் சுற்றிப் புகைபோலப் படர்ந்திருந்தால் லென்ஸில் விரல் எண்ணெய். போனில் பாதிக் குறை இதுதான், பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

கை ஆட்டத்துக்கு, ஏபிஎஸ்-சி கமராவில் (சென்சர் முழு அளவைவிடச் சிறியது) 50 மிமீ லென்ஸ் என்றால் 1/80க்குக் கீழே போகாதீர்கள். லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசர் உங்கள் கையைத்தான் காக்கும். ஓடும் பிள்ளைக்கு 1/500 வேண்டும். அதே லென்ஸில் எஃப்/1.8 வைத்து ஒரு மீற்றரில் நின்று அம்மம்மாவை எடுத்தால் தெளிவாக வரும் ஆழம் ஏறக்குறைய 3 செமீ. போகஸ் புள்ளியைக் கமராவுக்குக் கிட்ட உள்ள கண்ணில் வையுங்கள். எஃப்/4இல் அந்த ஆழம் இரட்டிப்பாகும்.

கூர்மையில் துளியும் விட்டுக்கொடுக்கக்கூடாத வேலை ஒன்று உண்டு: ஏட்டுச்சுவடியையும் பழைய படங்களையும் பிரதி எடுப்பது. 1981இல் பொது நூலகம் எரிந்த யாழ்ப்பாணத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. முக்காலி, எஃப்/8, ஐஎஸ்ஓ 100, 2 செக்கன் டைமர். கமரா ஏட்டுக்குச் சமாந்தரமாக இருக்கவேண்டும். சரிந்தால் ஒரு ஓரம் மங்கும். மை மங்கிய ஏட்டுக்கு ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாக வெளிச்சம் விடுங்கள், எழுத்தாணி கீறிய பள்ளத்தில் நிழல் விழும்.

மற்றப் படங்களை அழிக்குமுன் அச்சிடும் அளவில் பாருங்கள். 6×4 அங்குலத்துக்கு 1800×1200 பிக்சல் போதும். 24 மெகாபிக்சல் படத்தின் சிறு ஆட்டம் அதில் தெரியாது. ஷார்ப்பன் பொத்தானை நம்பவேண்டாம், சேலைக் கரையைச் சுற்றி வெள்ளைக் கோடுதான் வரும்.